ஆர்டர் குறைந்த மாதங்களில் லைனை நடத்துவது: புதிதாக சூப்பர்வைசர் ஆனவர்களுக்கு

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கிய டெய்லர், ஸ்டூலில் போட்டிருந்த தன் திண்டை எடுத்துச் சுருட்டி, கத்திரியையும் பாபின் கேஸையும் அதோடு பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினால், திங்கட்கிழமை அவர் வரப்போவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் லைன் (வரிசையாக மெஷின் போட்டுத் தைக்கும் பிரிவு) பார்க்கிற எவருக்கும் இது தெரியும். "நான் நின்னுக்கறேன்" என்று யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. திண்டு போய்விட்டால் ஆளும் போய்விட்டார் என்று அர்த்தம்.

நீங்கள் நேற்று வரை அதே லைனில் ஓவர்லாக் மெஷின் ஓட்டியவராக இருக்கலாம், படித்து முடித்து நேராக வந்தவராக இருக்கலாம். எப்படியானாலும், ஆர்டர் குறைந்த நேரத்தில் உங்கள் கையில் லைனைக் கொடுத்திருக்கிறார்கள். நான் சூப்பர்வைசர் ஆனது 2008-இல். அந்தச் செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் வங்கி விழுந்தது, சில வாரங்களில் எங்கள் பையர்கள் (நம்மிடம் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள்) ஆர்டரை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடல், 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு, 2020 ஊரடங்கு, 2022-இல் ஒரு கேண்டி (சுமார் 356 கிலோ) பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது, 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவின் 50 சதவீத வரி என்று வரிசையாகப் பார்த்தாயிற்று. காரணம் ஒவ்வொரு முறையும் வேறு. லைனில் நடப்பது மட்டும் ஒன்றேதான். வேலை குறைவதற்கு முன்னாலேயே பேச்சு கிளம்பும். பேச்சைக் கேட்டு நல்ல டெய்லர் முதலில் போவார், ஏனென்றால் அவருக்குத்தான் வேறு இடத்தில் உடனே வேலை கிடைக்கும். மீதி இருப்பவர்கள் மனசு இல்லாமல் தைப்பார்கள். ஆல்டர் பீஸ் (பிரித்துத் திருத்த வேண்டியவை) கூடும். இருக்கிற ஒன்றிரண்டு ஆர்டரும் அதனால் கெடும்.

இதைத் தடுக்கப் பேச்சாளராக இருக்க வேண்டியதில்லை. அடுத்த சனிக்கிழமை எவ்வளவு கைக்கு வரும் என்பது உங்கள் ஆட்களுக்கு டீக்கடையில் தெரிவதற்கு முன் உங்கள் வாயால் தெரிய வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் அதைச் செய்வதற்கான வழிதான்.

முதலில் முதலாளியிடம் போங்கள்

லைனில் எதையும் சொல்வதற்கு முன் ஆபீசுக்குள் போய் மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். பி.ஓ. (பையர் எழுத்தில் கொடுக்கும் பர்ச்சேஸ் ஆர்டர்) கைக்கு வந்துவிட்ட ஆர்டர் எத்தனை பீஸ், நம் லைனில் அது எத்தனை நாள் ஓடும்? (பையரோடு பேசும் மெர்ச்சண்டைசர் "வந்துரும்" என்று சொல்வதைத் தனியாக எழுதுங்கள், இதோடு கூட்டாதீர்கள்.) அடுத்த நாலு சனிக்கிழமைக்குச் சம்பளப் பணம் இருக்கிறதா? வேலை இன்னும் குறைந்தால் நாளைக் குறைப்பதா, ஆளைக் குறைப்பதா?

இரண்டாவது கேள்விக்கு முதலாளி முகம் சுளிப்பார். "அதெல்லாம் உனக்கெதுக்கு?" என்றுகூடக் கேட்பார். எனக்கு அப்படி நடந்தபோது, "லைன்ல எங்கிட்டத்தானுங்க கேப்பாங்க. நான் ஒண்ணு சொல்லி வேற ஒண்ணு நடந்துட்டா அப்பறம் என் பேச்ச யாரும் கேக்க மாட்டாங்க, சார்" என்றேன். சற்று யோசித்துவிட்டு நோட்டை எடுத்துக் காட்டினார். பையரிடமிருந்து பணம் வர 60 நாள், 90 நாள் ஆகிறது. நூலுக்கும் சாயத்துக்கும் அதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். சம்பளமோ வாராவாரம். ஆர்டர் இருக்கும்போதே இடையில் கை கடிக்கிற தொழில் இது. அந்த நோட்டைப் பார்த்த பிறகு முதலாளி மேல் எனக்கிருந்த கோபமும் பாதி குறைந்தது. நீங்களும் பார்க்கக் கேளுங்கள். முழுதாகக் காட்டாவிட்டாலும் "நாலு சனிக்கிழமை உறுதி, அஞ்சாவது தெரியாது" என்ற அளவுக்காவது பதில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

ஒருவரின் வாரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

புது சூப்பர்வைசர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். "ஆறு நாள் வேலை நாலு நாள் ஆகிறது, மூணுல ஒரு பங்கு குறையுது, சமாளிச்சுக்குவாங்க" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கணக்குக்காக ஒரு ஷிப்ட் 500 ரூபாய் என்று வையுங்கள். நல்ல சீசனில் நம் ஆட்கள் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள். ஆறு நாள், ஒன்பது ஷிப்ட், 4,500 ரூபாய். (கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். பல கம்பெனிகளில் நடைமுறை வேறு என்பது ஊருக்கே தெரியும், அதனால் நடைமுறைக் கணக்கையே போட்டிருக்கிறேன்.) ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது அந்த அரை ஷிப்ட், அப்புறம்தான் நாள். நாலு நாள், ஒரு ஷிப்ட் வீதம் 2,000 ரூபாய். குறைந்திருப்பது மூன்றில் ஒரு பங்கு இல்லை, பாதிக்கும் மேல்.

அந்த 4,500-ஐ நம்பித்தான் லைன் வீட்டு வாடகை, குழுக் கடனுக்கு வாரத் தவணை, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவது, பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் எல்லாம் ஓடுகின்றன. குழுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்ற பெண்கள் வாசலில் வந்து உட்கார்வார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்தே இன்னொரு இடத்தில் கடன் வாங்கி இதைக் கட்டுகிறவர்கள் உண்டு. உங்கள் லைனில் யாருக்கு எந்தக் கிழமை தவணை என்று உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. துருவிக் கேட்க வேண்டாம், பழகினால் அவர்களாகவே சொல்வார்கள். யாருக்கு எந்த நாள் வேலை என்று பிரிக்கும்போது இது உதவும்.

திங்கட்கிழமை காலை, மெஷின் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம்

எட்டரைக்கு எல்லாரும் வந்ததும் லைனுக்கு நடுவில் நின்று பேசுங்கள். ஆபீசுக்கு வரச்சொல்லிப் பேசாதீர்கள், அங்கே வந்து நின்றாலே பாதிப் பேருக்குக் காது அடைத்துவிடும். நான்கே விஷயம் போதும்: கையில் எவ்வளவு வேலை இருக்கிறது, இந்த வாரம் எத்தனை நாள், சம்பளம் எப்போது, அடுத்த தகவலை எப்போது சொல்வேன். அதையே போர்டிலும் எழுதுங்கள். எங்கள் போர்டு இப்படி இருந்தது:

கையில் 18,000 பீஸ். இந்த வாரம் 4 நாள். சம்பளம் சனி மாலை 6 மணி. அடுத்த தகவல் வியாழன்.

வியாழக்கிழமை சொல்லப் புது விஷயம் ஒன்றும் இல்லையென்றாலும் நின்று, "புதுசா ஒண்ணும் இல்லை, திங்கட்கிழமை சொன்னதேதான்" என்று சொல்லுங்கள். அந்த வியாழக்கிழமையை ஒருமுறை விட்டுவிட்டால், கம்பெனியை மூடப் போகிறார்கள் என்ற செய்தி அன்று பதினொரு மணி டீக்குள் உருவாகிவிடும்.

காரணத்தையும் சொல்லுங்கள். "உங்களுக்குப் புரியாது" என்று விடாதீர்கள். பஞ்சப்படிக்காக (விலைவாசிக்கு ஏற்பக் கொடுக்கும் படி) 1984-இல் 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது, கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நம் ஆட்கள். 2025-இல் அமெரிக்க வரியை நான் ஒரு டி-ஷர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் விளக்கினேன். இதை 4 டாலருக்குக் கொடுக்கிறோம். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அங்கே ஏற்கெனவே 16.5 சதவீத வரி உண்டு. அதற்கு மேல் 50 சேர்ந்தால் இந்த ஒரு பீஸுக்குத் துறைமுகத்திலேயே 2 டாலர் 66 சென்ட் கட்ட வேண்டும். அதில் ஒரு பங்கை நம்மை ஏற்கச் சொல்லிப் பையர் கேட்கிறார், இல்லையென்றால் ஆர்டரை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவதாகச் சொல்கிறார். இவ்வளவுதான் சொன்னேன். டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி அக்கா ஒருவர், "அப்ப நம்ம தப்பு இதுல ஒண்ணுமில்லியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வேலை குறைந்தால், தைத்ததில்தான் ஏதோ குற்றம் என்று பல பேர் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை என்று வாய்திறந்து சொல்லுங்கள்.

ஒடியா, பீகார் ஆட்கள் உங்கள் லைனில் இருந்தால் அதே விஷயத்தை அவர்களில் ஒருவரை வைத்து அதே இடத்தில் அவர்கள் மொழியில் சொல்லவையுங்கள். கான்ட்ராக்டர் ஹாஸ்டலில் போய்ச் சொல்லிக்கொள்வார் என்று விடாதீர்கள். அவர் சொல்லும்போது அது வேறு செய்தியாகிவிடலாம்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். 2008 தீபாவளிக்கு முந்தின வாரம் லைனில் கேட்டார்கள், "தீபாவளி முடிஞ்சு வரலாமுங்களா?" என்று. எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த முகங்களைப் பார்த்துவிட்டு, "வாங்க வாங்க, எல்லாம் சரியாயிரும், யாரையும் நிறுத்த மாட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். மதுரைப் பக்கம், தேனிப் பக்கம் ஊருக்குப் போனவர்கள் பஸ் ஏறித் திரும்பி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கம்பெனியில் வேலை இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னதும் நான்தான். ஒரு பெண் ஒன்றும் திட்டவில்லை. "அங்கயே இருந்திருந்தா களையெடுக்கவாவது போயிருப்பேண்ணா" என்று மட்டும் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்ன பொய் அவருக்கு ஒரு வாரக் கூலியையும் பஸ் காசையும் தின்றுவிட்டது. அன்றிலிருந்து, தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்கிறேன். "ரெண்டு வாரத்துக்கு உறுதி. அதுக்கு மேல எனக்கே தெரியல. தெரிஞ்ச அன்னிக்கே சொல்றேன்." இதைச் சொன்னதால் யாரும் ஓடிப்போகவில்லை.

இருக்கும் வேலையைப் பிரிப்பது

24 பேர் லைன், ஆறு நாள் என்றால் 144 ஆள்-நாள். கையில் உள்ள வேலை 96 ஆள்-நாள்தான் என்றால் எட்டுப் பேரை நிறுத்தலாம், அல்லது எல்லாருக்கும் நாலு நாள் கொடுக்கலாம். முடிவு முதலாளியுடையது. ஆனால் அவர் உங்களைக் கேட்பார். நான் எப்போதும் நாளைப் பிரிக்கத்தான் சொல்வேன். எட்டுப் பேரை நிறுத்தினால் மீதி பதினாறு பேரும் அடுத்தது தான்தான் என்று திண்டைப் பார்த்துக்கொண்டே தைப்பார்கள். அதே சமயம், மூன்று நாளுக்கும் கீழே போனால் பிரிப்பதில் பயனில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வருமானத்தில் யாராலும் இருக்க முடியாது. யாரைப் பிடித்து வைக்கிறோம் என்று நினைக்கிறோமோ அவர்களையே கடனில் தள்ளுவதாக ஆகிவிடும்.

பட்டியல் போடும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

புருஷன் பெண்டாட்டி இருவரும் நம் கம்பெனியிலேயே இருந்தால் இருவரையும் ஒரே பேட்ச்சில் போடாதீர்கள். ஒரே நாளில் இருவருக்கும் வேலை இல்லையென்றால் அந்த வீட்டில் அன்று வரவே இல்லை. பேட்ச் மாற்றிப் போட்டால், அன்றைக்கு ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் முடியும்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) நாட்களை எண்ணுங்கள். இதைப் பெரிய மேனேஜர்கள்கூட மறந்துவிடுகிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறு ஆறு மாதமாக அவர்கள் கணக்கு. நோய்க்கால உதவித்தொகைக்கு அந்த ஆறு மாதத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருக்க வேண்டும். 26 வாரத்துக்கு வாரம் 3 நாள் என்றால் சரியாக 78. அதற்குக் கீழே போனால், சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தும், காய்ச்சலில் படுத்தால் காசு வராது. பேறுகாலத் தொகைக்கு, முந்தைய இரண்டு பருவங்களையும் சேர்த்து 70 நாள். மாசமாக இருக்கும் டெய்லர் ஒருவர் லைனில் இருந்தால், பட்டியல் எழுதுமுன் ஆபீசில் அவருடைய நாட்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு முறை ஒருவருக்கு ஐந்து நாள் குறைந்தது. உட்கார்ந்தே செய்யக்கூடிய செக்கிங்கில் அவரைப் போட்டு அந்த ஐந்து நாளையும் கொடுத்தோம். அவருக்குச் சேர வேண்டிய தொகை போகாமல் இருந்தது.

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு வேலையில்லாத நாளும் மெஸ் செலவு ஓடும். அவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் என்று உடைக்காமல், தொடர்ந்து இரண்டு வாரம் வேலை, அப்புறம் ஊருக்குப் போய்வர விடுமுறை என்று கொடுப்பது நல்லது. தன்பாத் எக்ஸ்பிரஸில் ஏறுவதற்கு முன் திரும்பி வரவேண்டிய தேதியை எழுத்தில் கொடுங்கள். தேதி மாறினால் போன் பண்ணிச் சொல்லுங்கள்.

வேலையில்லாத நாளில் வேறு யூனிட்டுக்குப் போய் ஜாப் ஒர்க் தைக்கிறார்கள் என்று தெரிந்தால் கோபப்படாதீர்கள். நம்மால் கொடுக்க முடியாத நாளுக்கு அவர் சம்பாதிக்கிறார். "போய்ட்டு வாங்க, வியாழக்கிழமை நமக்கு லோடு இருக்கு, அன்னிக்கு வந்துருங்க" என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். ஒளித்துப் போகிறவர் திரும்பி வர மாட்டார். சொல்லிவிட்டுப் போகிறவர் வருவார்.

அப்புறம், உங்கள் பட்டியலைப் போர்டில் ஒட்டுங்கள். சொந்தக்காரருக்கு ஒரு நாள் கூடுதலாகப் போட்டிருந்தால் எல்லாரும் பார்க்கட்டும். அந்தப் பயம் இருந்தால் நீங்களே போட மாட்டீர்கள்.

சும்மா இருக்கும் மெஷினில் கற்றுக்கொடுங்கள்

2020 ஊரடங்கு தளர்ந்து திருப்பூரில் பல கம்பெனிகள் மாஸ்க்கும் மருத்துவக் கவச உடையும் தைக்கத் தொடங்கியபோது, தையலுக்கு மேல் சூடான காற்றில் டேப் ஒட்டும் மெஷின் வந்தது. அதை யாரும் அதற்கு முன் தொட்டதில்லை. எங்கள் லைனில் அதை முதலில் கற்றுக்கொண்டது எந்த சீனியர் டெய்லரும் இல்லை. அதற்கு முந்தைய மந்தத்தில் கைமடியிலிருந்து சிங்கர் மெஷினுக்கு மாறியிருந்த ஒரு பெண். ஒருமுறை புதிதாகக் கற்றவருக்கு அடுத்த மெஷினைக் கண்டு பயம் இல்லை.

ஒரு நோட்டில் இடப்பக்கம் பெயர்கள், மேலே ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர், செக்கிங், அயர்னிங் என்று கோடு போடுங்கள். யாருக்கு எது தெரியும் என்று டிக் அடியுங்கள். ஒரே டிக் உள்ளவர்கள்தான் ஆர்டர் மாறும்போது முதலில் வேலை இழப்பவர்கள், அவர்களிடமிருந்து தொடங்குங்கள். பழக கட்டிங் வேஸ்ட் துணி போதும். முதல் நாள் நேர்க்கோட்டுத் தையல் மட்டும். கழுத்துப் பட்டி இழுக்காமல் வைக்க ஒரு வாரமாவது ஆகும்.

ஒரு நிபந்தனை உண்டு. பழகும் நேரத்துக்கு ஷிப்ட் சம்பளம் கொடுக்க வேண்டும். பீஸ் ரேட்டில் இருப்பவரைப் புது மெஷினில் உட்காரவைத்தால் அன்றைக்கு அவர் கையில் கால்வாசிக் காசுகூட வராது, கற்கவும் மாட்டார். முதலாளியிடம் இதை வாங்குவது சிரமம்தான். நான் கேட்டது நாளுக்கு இரண்டு மணி நேரம், ஒரு தடவைக்கு நாலு பேர். "சீசன்ல பிளாட்லாக் ஆள் கிடைக்காம லைன் நின்னுச்சே, அந்த ஒரு நாள் நஷ்டத்துல இது அடங்கிருமுங்க" என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

எதில் கை வைக்கக் கூடாது

செலவைக் குறைக்க ஆபீசில் முதலில் டீயைத்தான் பார்ப்பார்கள். 60 பேர், ஒரு டீ 10 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 600, வாரத்துக்கு 3,600. கணக்கில் கண்ணுக்குத் தெரியும் தொகை. ஆனால் டீ நின்ற அன்று லைனில் ஒருவரும் டீயைப் பற்றிப் பேச மாட்டார்கள். "டீக்கே காசில்லையாம், சம்பளம் எங்க வரப்போகுது" என்றுதான் பேசுவார்கள். ஒரு லாட்டில் சைஸ் லேபிள் மாறிப்போய் ஆல்டருக்கு வந்தால் அந்த 3,600-ஐ விடப் பெரிய தொகை ஒரே நாளில் போகும். குறைத்தே ஆகவேண்டும் என்றால் இதைவிட ஸ்டாஃப் செலவில் கை வையுங்கள் என்று நான் சொல்வேன். நாமும் ஸ்டாஃப்தான் என்று தெரிந்தே சொல்கிறேன்.

வேனை நிறுத்தவே கூடாது. பல்லடம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பெண்ணுக்கு, வேன் நின்றால் வேலையும் நின்ற மாதிரி. இரண்டு வேனை ஒன்றாக்குவது, நேரத்தை மாற்றுவது என்றால் சரி.

சம்பள நாள். தொகை குறைந்ததைப் பொறுத்துக்கொள்கிறார்கள், நாள் தள்ளிப்போவதைப் பொறுப்பதில்லை, பொறுக்கவும் முடியாது. முழுசாகக் கொடுக்க முடியாத வாரம் வந்தால் வியாழக்கிழமையே சொல்லி, சனிக்கிழமை பாதி, புதன்கிழமை மீதி என்று தேதியோடு சொல்லுங்கள். அந்தப் புதன்கிழமை தவறவே கூடாது. அதேபோல, நடப்பில் உள்ள பீஸ் ரேட்டை நடுவில் குறைக்கச் சொன்னால் நீங்கள் மறுத்துப் பேச வேண்டும். நாள் குறைந்தால் ஆர்டர் வந்ததும் திரும்பக் கிடைக்கும். இறங்கிய ரேட் மறுபடி ஏற எத்தனை வருஷம் ஆகும் என்று டெய்லர்களுக்குத் தெரியும்.

தனியாகப் பேசுவது

நன்றாகத் தைக்கும் ஒருவர் திடீரென்று தப்பாகத் தைத்தால் பீஸைத் தூக்கிக்கொண்டு போய் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். எங்கள் லைனில் பதினைந்து வருஷ அனுபவமுள்ள ஒரு ஓவர்லாக் டெய்லர் ஒரு மதியம் முன்பக்கத் துணியையும் முதுகுத் துணியையும் மாற்றி வைத்து ஒரு கட்டு முழுக்க அடித்துவிட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பிரிக்கத் தொடங்கினேன். நாலைந்து பீஸ் பிரிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவராகவே, "பெரியவன் காலேஜ்ல திங்கக்கிழமைக்குள்ள கட்டச் சொல்றாங்க" என்றார். என்னால் கட்ட முடியாது. ஆனால் தீபாவளி போனஸில் கழித்துக்கொள்வதாகச் சொல்லி ஆபீசில் முன்பணம் கேட்க முடிந்தது. கேட்டதில் பாதிதான் கிடைத்தது. அடுத்த நாள் காலேஜுக்குப் போய், மீதிக்குத் தவணை கேட்டு வாங்கிவந்தார்.

எல்லாருக்கும் இப்படிச் செய்ய முடியாது. முடியாதபோது முடியாது என்று சொல்லிவிடுங்கள், "பாக்கலாம்" என்று இழுக்காதீர்கள். இன்னொரு கதவைத் தட்ட வேண்டிய நேரத்தை அந்த "பாக்கலாம்" தின்றுவிடும்.

அனுப்பியே ஆகவேண்டும் என்றால்

எல்லாம் செய்தும் சில நேரம் ஆளைக் குறைக்க வேண்டிவரும். அதைச் சனிக்கிழமை சம்பளக் கவரோடு சேர்த்துச் சொல்லாதீர்கள். கூடியவரை முன்னதாக, தனியாக, உட்காரவைத்து, நீங்களே சொல்லுங்கள். ஓராண்டாவது தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு என்று அனுப்பினால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ கொடுக்க வேண்டும். கூடவே, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் உண்டு. பொதுவாகக் கடைசியில் சேர்ந்தவர்தான் முதலில் என்பது விதி. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்திருப்பதால், கணக்கைக் கம்பெனியின் பி.எஃப். கன்சல்டன்டிடம் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அவர் கையில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பாக்கிச் சம்பளம் எவ்வளவு, போனஸ் எவ்வளவு, எப்போது வரும். அந்த ஆண்டில் 30 நாளாவது வேலை பார்த்திருந்தால், தகுதியுள்ளவர்களுக்கு 8.33 சதவீதமாவது போனஸ் உண்டு. நடுவில் நின்றவர்கள் அதைக் கேட்கவே வெட்கப்பட்டு விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருஷம் முடித்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. பி.எஃப். தளத்தில் அவர் வேலையை விட்ட தேதியைக் கம்பெனி போட்டதா என்று அடுத்த மாதம் நீங்களே கேளுங்கள். அந்தத் தேதி ஏறாமல் போனதால், சொந்தப் பணத்தை எடுக்க மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மிச்சமிருப்பவர்களிடம் அன்றைக்கே பேசிவிடுங்கள். யார் போனார், ஏன், அடுத்து இன்னும் ஆளைக் குறைப்பது இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும். போனவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும், நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார் என்று நினைப்பார்கள்.

போன் நோட்டு

போனவர்கள், ஊருக்கு அனுப்பியவர்கள், நாள் குறைந்தவர்கள் எல்லாருடைய நம்பரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மொபைலில் மட்டும் வைத்தால் போதாது. நம் ஆட்கள் சிம் மாற்றுவார்கள். அதனால் அவருடைய நம்பருக்குப் பக்கத்திலேயே அக்கா நம்பர், வீட்டுக்காரர் நம்பர், ஊரில் ஒரு பக்கத்து வீட்டு நம்பர் என்று இன்னொன்றையும் வாங்கி எழுதுங்கள். மாதம் ஒருமுறை கூப்பிட்டு, "ஆர்டர் இன்னும் வரல, வந்தா சொல்றேன், நீங்க வேற எங்காவது கிடைச்சா போங்க" என்று சொல்லுங்கள். வேலை இல்லை என்று சொல்ல எதற்குப் போன் என்று எனக்கும் ஆரம்பத்தில் தோன்றியது. 2009-இல் ஆர்டர் திரும்பியபோது, ஊரெல்லாம் டெய்லர் தேவை என்று போர்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த நோட்டை வைத்து இரண்டு நாளில் பதினொரு பேரைத் திரும்ப உட்காரவைத்தேன். களையெடுக்கவாவது போயிருப்பேன் என்று சொன்ன அந்தப் பெண்ணையும் கூப்பிட்டேன். முதலில் அவர் கேட்டது, "எத்தனை வாரத்துக்கு உறுதிண்ணா?" ஆறு வாரம் என்றேன். அதற்கு மேல் தெரியாது என்பதையும் சேர்த்தே சொன்னேன்.